கிட் வாங்கிக் கட்டிய கப்பலை ‘நான் கட்டினேன்’ என்று சொல்லலாமா? (புளூநோஸ், 1:64)

வாசகர் கேள்வி: 2022 செப்டெம்பர் 18

மரக் கப்பல் கிட் கட்டுகிற ஆட்களிடம் நேராகவே கேட்கிறேன். துண்டெல்லாம் லேசரில் வெட்டி, இலக்கம் போட்டு, பெட்டியில் வந்துவிடுகிறது. வரைபடமும் கூடவே வருகிறது. ஒட்டினால் கப்பல். இதற்குப் போய் ‘கப்பல் கட்டினேன்’ என்று சொல்வது கொஞ்சம் அதிகம் இல்லையா? எனக்கும் ஆசை இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன். நம் கனடாப் பத்துச் சதக் குற்றியில் இருக்கிற அந்தப் புளூநோஸ், முதல் கப்பலாகச் சரிவருமா?

2022 செப்டெம்பர் 18, இரவு

தம்பி, அந்தப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள். லேசரில் வெட்டி வருவது நடுப்பலகை ஒன்று, அதில் செருகுகிற குறுக்குத்தட்டுகள், மேல்தளத்துச் சாமான்களில் கொஞ்சம். மிச்சமெல்லாம் கட்டுக் கட்டாக நேரான கீற்றுப் பலகைகள், உருளைக் குச்சிகள், நூல் உருண்டை, ஈயம் மாதிரியான உலோக வார்ப்புகள். கப்பலின் உடம்பில் நேரான கோடு என்று ஒன்றுகூடக் கிடையாது. அந்த உடம்பை மூடுகிற பலகைகளில் ஒன்றுக்கும் இலக்கம் இல்லை. ஒவ்வொரு கீற்றும் எங்கே எவ்வளவு அகலம், எங்கே எவ்வளவு வளைவு என்பதை வரைபடமும் சொல்லாது. கப்பலில் வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும்.

என் பதில்: தாராளமாகச் சொல்லலாம். காரணங்களை ஆறுதலாக எழுதுகிறேன், இன்றைக்கு நேரமாகிவிட்டது.

2022 செப்டெம்பர் 20

எந்தக் கப்பலைக் கட்டப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். பலர் இதை ஓர் அழகான உல்லாசப் படகு என்று நினைத்துக்கொண்டு வாங்குகிறார்கள். புளூநோஸ் ஒரு மீன்பிடிக் கப்பல். நோவா ஸ்கோஷியாவின் லூனென்பர்க்கில் ஸ்மித் அண்ட் ரூலண்ட் கட்டுதுறையில் 1921 மார்ச் 26 அன்று நீரில் இறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த வில்லியம் ரூவே, கப்டன் அங்கஸ் வால்டர்ஸ். கிராண்ட் பேங்க்ஸ் கடலில் கொட் மீன் பிடித்து உப்புப் போட்டுக் கொண்டுவருவது அதன் தொழில். ஓட்டப் போட்டி அதற்கு மேல் வந்தது. இறக்கிய அதே ஆண்டு ஒக்டோபரில், அமெரிக்காவின் குளோஸ்டரிலிருந்து வந்த எல்சியைத் தோற்கடித்துச் சர்வதேச மீனவர் கோப்பையைக் கொண்டுபோனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கட்டும்போது மாலுமிகள் தங்குகிற இடம் போதாது என்று அணியத்தின் (கப்பலின் முன்முனை) மேல்விளிம்பை ரூவேயின் வரைபடத்தில் இருந்ததைவிட உயர்த்தினார்கள். அந்தத் தூக்கல்தான் இன்றைக்கு நாங்கள் குற்றியில் பார்க்கிற முகம். மாதிரி கட்டுகிறவருக்கு முதல் சோதனையும் அங்கேதான். மேல்விளிம்புக் கீற்று நடுவில் தாழ்ந்து, அணியத்தை நோக்கி எழுந்து, அதே நேரத்தில் உள்ளே திரும்ப வேண்டும். ஒரே கீற்று இரண்டு பக்கமும் வளைய வேண்டும். அந்தக் கோடு ஓரிடத்தில் சும்மா ஒரு மில்லிமீற்றர் துள்ளினாலும் கதவடியில் நிற்கிற விருந்தாளிக்கே தெரியும், ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் தெரியும்.

2022 செப்டெம்பர் 24

நடுப்பலகை. பெட்டியிலிருந்து எடுத்ததும் அதன் விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மெல்லிய பலகை என்பதால் பெரும்பாலும் எங்காவது கொஞ்சம் முறுக்கியிருக்கும். ஈரத்துணியால் துடைத்து, தட்டையான கண்ணாடி மேல் வைத்து, மேலே பாரம் ஏற்றி இரண்டு நாள் விட்டால் அநேகமாக நேராகும். இதைத் தட்டிக்கழித்துவிட்டு மேலே போனால் கடைசியில் பாய்மரம் இரண்டும் வெவ்வேறு பக்கம் சாய்ந்து நிற்கும். அப்போது மருந்தில்லை.

அடுத்து, ஏராவை (கப்பலின் அடிமரம்) ஒட்டி ஓடுகிற பள்ளம். முதல் கீற்றின் விளிம்பு அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும். கடைப்பக்கம் (பின்முனை) போகப் போக நடுப்பலகையே மெலிய வேண்டும், அப்போதுதான் இரண்டு பக்கக் கீற்றுகளும் சேர்ந்து சுக்கான் தண்டின் தடிப்புக்குள் அடங்கும். கையேட்டில் இதற்கு ஒரு வரி இருக்கும். ஒரு பின்னேரம் முழுவதும் இதற்கே போகட்டும், கவலைப்படாதீர்கள்.

குறுக்குத்தட்டுகளின் விளிம்பு லேசரில் செங்குத்தாக வெட்டி வரும், கருகிய நிறத்தோடு. அணியத்துப் பக்கமும் கடைப்பக்கமும் உள்ள தட்டுகளின் விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும், கீற்று முழுத் தடிப்பிலும் படிகிற மாதிரி. ஒரு நீளக் கட்டையில் சாண்ட்பேப்பர் ஒட்டி, ஒரே வீச்சில் மூன்று நாலு தட்டுகளின் மேல் ஓடுகிற மாதிரித் தேயுங்கள். தனித்தனியாகத் தேய்த்தால் ஒன்று பள்ளமாகும், மற்றது மேடாகும். நடுநடுவே ஒரு மெல்லிய கீற்றை எடுத்து, ஒட்டாமல், விரலால் மட்டும் பிடித்து அணியத்திலிருந்து கடைவரை வளைத்துப் பாருங்கள். எல்லாத் தட்டையும் தொட்டுக்கொண்டு போகிறதா, எங்காவது வெளிச்சம் தெரிகிறதா? கருகிய நிறம் எங்கே மிச்சம், எங்கே போய்விட்டது என்பதே எவ்வளவு தேய்த்திருக்கிறோம் என்று காட்டிக்கொடுக்கும். அதனால் முதலிலேயே கருக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டாம்.

2022 செப்டெம்பர் 25

முன்பக்கத் தட்டுகளுக்கிடையில் இடைவெளி அதிகம் என்று கேட்டிருந்தார் மொன்றியல் அக்கா ஒருவர். சரியான கேள்வி. அந்த இடைவெளியில் பல்சாக் கட்டைகளை ஒட்டி நிரப்பி, தட்டுகளோடு சேர்த்துத் தேய்த்துவிடுங்கள். கீற்று படுக்க இடம் கிடைக்கும், குண்டூசி குத்தவும் வசதி. கிட்டில் வராவிட்டாலும் வாங்கிப் போடுங்கள்.

2022 ஒக்டோபர் 8

இனிக் கீற்று. கணக்கு எளிது. நடுத்தட்டில் தளத்திலிருந்து ஏராவரை விளிம்பு வழியே ஒரு காகித நாடாவால் அளந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு 96 மில்லிமீற்றர் என்று வையுங்கள். 4 மில்லிமீற்றர் கீற்று என்றால் 24 வரிசை. இப்போது அதே நாடாவை அணியத்துத் தட்டில் வைத்தால் 60தான் வரும். அதே 24 வரிசையும் அங்கே போய்ச் சேர வேண்டும், ஆகவே ஒவ்வொரு கீற்றும் அங்கே 2.5 மில்லிமீற்றருக்குச் சீவப்பட வேண்டும். இதை ஒவ்வொரு தட்டுக்கும் செய்து பென்சிலால் புள்ளி போட்டுவிட்டால், கீற்று எங்கே எவ்வளவு ஒடுங்க வேண்டும் என்பது கப்பலிலேயே எழுதியிருக்கும்.

ஒரு கட்டுப்பாடு. பாதி அகலத்துக்குக் கீழே சீவக்கூடாது. 4 மில்லிமீற்றர் கீற்று அணியத்தில் 1.8 ஆகிறது என்றால், இரண்டு கீற்று போகிற இடத்தில் ஒன்றை நிறுத்தி ஒன்றை மட்டும் முன்னே விட வேண்டும். கடைப்பக்கம் இதற்கு எதிர்மாறு. அங்கே உடம்பு விரிகிறது, கீற்றுகளுக்கிடையே ஆப்பு மாதிரி இடம் திறக்கும், அதில் கூர்மையான துண்டொன்றைச் செருக வேண்டும். உண்மையான கப்பல் கட்டிய ஓடாவிகளும் இதையேதான் செய்தார்கள். அளவுதான் வித்தியாசம்.

இவ்வளவும் செய்யாமல் கீற்றை அப்படியே வளைத்து ஒட்டலாமே என்று தோன்றும். ஒட்டலாம், நாலாவது வரிசைவரை அழகாகவும் இருக்கும். பிறகு அணியத்தில் கீற்றின் விளிம்பு மேலே எழும், ஒன்றின் மேல் ஒன்று ஏறும், ஊசியால் அழுத்தி அழுத்திப் பிடிக்க வேண்டிவரும். மரத்தை வலுக்கட்டாயமாகப் பிடித்து நிறுத்துகிற இடம் எதுவாக இருந்தாலும், அங்கே அளவு பிழை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சரியாகச் சீவிய கீற்று தானாகவே போய்ப் படுக்கும், இரண்டு விரல் போதும். அந்தப் படுக்கையை முதன்முதலில் கையில் உணர்கிறபோது வருகிற சந்தோஷத்துக்காகவே நான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன்.

தம்பி கேட்ட கேள்விக்கு என் முக்கியமான பதில் இந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. கிட் மரத்தைத் தருகிறது, எலும்பைத் தருகிறது. உடம்பை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2022 ஒக்டோபர் 9

வளைப்பது எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பாஸ்வுட் மென்மையான மரம், வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறினால் போதும். அணியத்து வளைவுக்குத் தலைமுடி நேராக்குகிற இரும்பு நன்றாக வேலை செய்கிறது. பக்கவாட்டில் வளைக்க, அதாவது கீற்றைத் தட்டையாக வைத்துக்கொண்டே வில் மாதிரி வளைக்க, பலகையில் கிளிப் போட்டு இறுக்கி ஹெயார் டிரையரால் சூடுகாட்டிக் காயவிடுங்கள். காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். ஈரக் கீற்று உப்பியிருக்கும், ஒட்டியபின் சுருங்கி இடைவெளி விடும்.

2022 ஒக்டோபர் 15

பசை: மஞ்சள் நிற மரப்பசை. உடனே ஒட்டுகிற சுப்பர் குளூ வேண்டாம். புகை கண்ணை எரிக்கும், மரத்தில் ஊறினால் அந்த இடம் சாயம் பிடிக்காது, பிரித்தெடுக்கவும் சிரமம்.

2022 நவம்பர் 2

பசை பற்றி மேலே எழுதியதை இன்னொரு தடவை யோசித்தேன். ஜெல் வகைச் சுப்பர் குளூ ஒரு துளி, கீற்றின் இரண்டு நுனியில் மட்டும், நடுவெல்லாம் மரப்பசை. இப்படிச் செய்தால் கிளிப் பிடிக்க முடியாத இடத்தில் காத்திருக்காமல் வேலை நடக்கும். இதை எனக்குச் சொல்லித்தந்தவர் இங்கே எழுதுகிற வன்கூவர் அண்ணை. வெளியே தெரிகிற தளப் பலகைக்கு மட்டும் என் பழைய கருத்தில்தான் நிற்கிறேன்.

2023 ஜனவரி 21

ரொறன்ரோக் குளிர் பற்றி எந்தக் கையேடும் எழுதுவதில்லை. தை மாசம் வீட்டில் ஹீட்டிங் ஓடுகிறது, காற்று வறண்டு கிடக்கிறது, உதடு வெடிக்கிறது. மரமும் அப்படியேதான் சுருங்கும். ஆடி மாசப் புழுக்கத்தில் ஒட்டிய கீற்றுகளுக்கு நடுவே இப்போது மயிரிழை மாதிரிக் கோடுகள் தெரிந்தால் பயப்படாதீர்கள், உடனே பூச்சுப் போட்டு அடைக்கவும் வேண்டாம். கோடையில் அவை மூடிக்கொள்ளும், அடைத்த பூச்சு வெளியே பிதுங்கும். வேலை செய்கிற அறையில் ஈரப்பதம் காட்டுகிற சின்னக் கருவி ஒன்றை வையுங்கள், விலை அதிகமில்லை. ஆண்டு முழுவதும் 40 முதல் 50 வீதத்துக்குள் வைத்திருக்க முடிந்தால் நல்லது.

2023 பெப்ரவரி 5

முதல் கப்பலாகச் சரிவருமா என்ற கேள்வி பதிலில்லாமல் கிடக்கிறது. செப்டெம்பரிலேயே பதில் எழுதியிருந்தால் ‘ஓம், துணிந்து தொடங்குங்கள்’ என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டு பாய்மரம், பீரங்கி இல்லை, செதுக்கு வேலை கொஞ்சம்தான். விக்டரி மாதிரி நூறு பீரங்கிப் போர்க்கப்பலோடு ஒப்பிட்டால் மிக எளிது. ஆனால் இந்தக் குளிர்காலத்தில் இங்கே வந்த படங்களைப் பார்த்த பிறகு எண்ணம் மாறிவிட்டது. அணியத்தில் இடறி, மூடிவைத்துவிட்டுப் போனவர்கள் கனபேர்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். முதலில் ஒரு டோரி, அதாவது சின்னத் துடுப்புப் படகு. புளூநோஸின் தளத்தில் எட்டு டோரிகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் ஏறி, கப்பலை விட்டு விலகிப் போய், நீளத் தூண்டில் கயிறு விட்டுக் கொட் பிடித்தார்கள். பனிமூட்டம் இறங்கினால் கப்பல் கண்ணுக்கு மறைந்துவிடும், திரும்பி வராத டோரிகள் எத்தனையோ. அந்தக் கிராண்ட் பேங்க்ஸ் டோரிக்கு 1:24 அளவில் தனிக் கிட் கிடைக்கிறது. பக்கத்துக்குச் சில பலகைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் சீவி, சரித்து, வளைத்து, அடுத்ததன் மேல் படிய வைக்க வேண்டியவை. பெரிய கப்பலுக்குத் தேவையான எல்லாப் பழக்கமும் உள்ளங்கை அளவில் கிடைத்துவிடும். அதை முடித்துவிட்டுப் புளூநோஸைத் தொடுங்கள்.

2023 மார்ச் 18

நிறம். மேலே கறுப்பு, நீர்க்கோட்டுக்குக் கீழே சிவப்பு, நடுவே வெள்ளைக் கோடு. நாடா ஒட்டி எடுத்தால் ஓரம் கசிகிறது என்பவர்களுக்கு: நாடாவை ஒட்டியதும் புதிய நிறத்தை அடிக்காதீர்கள். கீழே ஏற்கெனவே இருக்கிற நிறத்தையே நாடாவின் ஓரத்தில் ஒரு மெல்லிய பூச்சு அடியுங்கள். கசிவதென்றால் அது கசியட்டும், நிறம் ஒன்றுதானே. காய்ந்தபின் புதிய நிறம்.

கறுப்பு அடிப்பதற்கு முன் ஒரு சோதனை. முழு உடம்புக்கும் மெல்லிய சாம்பல் நிற அடிப்பூச்சு, பிறகு இருட்டில் ரோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடியுங்கள். கையால் தடவித் தெரியாத பள்ளமெல்லாம் நிழல் விழுத்திக் காட்டும்.

2023 மார்ச் 19

பாய் கட்டலாமா என்று கேட்டால் என் வாக்கு வேண்டாம் என்பதற்கே. 1:64 என்றால் 0.2 மில்லிமீற்றர் துணிகூட உண்மையில் 13 மில்லிமீற்றர் தடிப்புப் பாய்க்குச் சமம். அப்படி ஒரு பாய் உலகத்தில் இல்லை. மெல்லிய காகிதத்தில் செய்து, சுருட்டிக் கட்டிய நிலையில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது அழகு. விரித்த பாய் வைத்தால் அதற்குப் பின்னால் இருக்கிற கயிற்று வேலை எல்லாம் மறைந்துவிடும். கயிறு கட்டுவதற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்.

2023 ஓகஸ்ட் 6

கோடை விடுமுறையில் லூனென்பர்க் போய்வந்தோம். பழைய ஊரே உலக மரபுரிமை இடம், 1995இலிருந்து. ஏற்றமான தெருக்கள், கீழே துறைமுகம். மீன்பிடி அருங்காட்சியகத்தில் தெரேசா இ. கொனர் என்ற பழைய ஸ்கூனரை (புளூநோஸ் மாதிரியான பாய்க்கப்பல்) துறையில் நிறுத்தி வைத்திருந்தார்கள், 1938இல் அதே ஸ்மித் அண்ட் ரூலண்ட் கட்டியது. புளூநோஸ் இப்போது இல்லை. 1942இல் விற்கப்பட்டு, கரிபியன் பக்கம் சரக்கு ஏற்றித் திரிந்து, 1946 ஜனவரி 28 அன்று ஹெய்ட்டிக்கு அருகே பவளப்பாறையில் மோதி உடைந்தது. 1963இல் அதே கட்டுதுறை கட்டிய இரண்டாவது புளூநோஸ் இருக்கிறது, அது வேறு கதை. மாதிரி கட்டுகிறவருக்குத் தெரேசாவின் தளம்தான் பாடம்.

நான் நெடுநேரம் குனிந்து பார்த்தது தளப் பலகைகளுக்கு இடையிலான கறுப்புக் கோட்டை. எங்கள் மாதிரிகளில் பலர் அதைத் தடித்த பேனாவால் இழுத்துவிடுகிறார்கள், வரிக்குதிரை மாதிரி ஆகிவிடுகிறது. கலப்பத்து அடித்து (பலகை இடுக்கில் நார் திணித்து) தாரூற்றிய கோடு பலகையோடு ஒப்பிட்டால் மிக ஒல்லி, நாலடி தள்ளி நின்றாலே மங்கிவிடும். 64இல் ஒன்றாகச் சுருக்கினால் பென்சில் கோட்டுக்கு மேல் எதுவும் அதிகம். கீற்றின் ஒரு பக்க விளிம்பில் மட்டும் மென்மையான பென்சிலால் ஒரு தடவை இழுத்து ஒட்டுங்கள், போதும்.

டோரிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்குகிற விதத்தையும் கவனித்தேன். குறுக்கே உள்ள இருக்கைகளைக் கழற்றினால்தான் அடுத்தது உள்ளே இறங்கும். ஆகவே மாதிரியில் அடுக்கி வைப்பதென்றால் மேலே தெரிகிற டோரிக்கு மட்டும் உள்வேலை செய்தால் போதும். இது தெரிந்ததும் பெரிய நிம்மதி.

2023 செப்டெம்பர் 10

கயிறு. கிட்டோடு வருகிற நூலைத் தூக்கிப் போடுங்கள் என்று பலரும் சொல்கிறார்கள், நானும் அந்தக் கட்சிதான். பருத்தி நூலில் தும்பு நிற்கும், அந்தத் தும்பு இந்த அளவில் கயிற்றில் பாசி பிடித்தது மாதிரி இருக்கும். பொலியெஸ்டர் நல்லது, ஈரத்துக்குத் தளராது, இறுகாது. பருத்திதான் கையில் இருக்கிறது என்றால் தேன்மெழுகில் இழுத்துவிடுங்கள். தடிப்பைக் கணக்குப் பண்ணித்தான் வாங்க வேண்டும். அரை மில்லிமீற்றர் நூல் உண்மையில் 32 மில்லிமீற்றர் கயிறு, பாய்மரத்தைத் தாங்கும் கயிற்றுக்குச் சரி, பாயைத் தூக்குகிற கயிற்றுக்கு அதிகம்.

பாய்மரத்தைத் தாங்கி அசையாமல் நிற்கிற கயிறு கறுப்பு, பாயை இழுக்க ஓடுகிற கயிறு மண் நிறம். இரண்டையும் ஒரே நிறத்தில் கட்டிய மாதிரிகளைப் பார்த்தால் எந்தக் கயிறு என்ன வேலை செய்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. கட்டுவது உள்ளிருந்து வெளியே, நடுவிலிருந்து பக்கத்துக்கு. அவசரப்பட்டு வெளிக்கயிறுகளை முடித்துவிட்டால் உள்ளே கை போகாது.

கப்பிகள் பெட்டியிலிருந்து சதுரமாக வரும். ஒரு போத்தலின் உட்பக்கம் சாண்ட்பேப்பர் ஒட்டி, கப்பிகளைப் போட்டு, ரீவி பார்த்துக்கொண்டு குலுக்குங்கள். மூலையெல்லாம் உருண்டுவிடும். எங்கள் வீட்டில் இது என் மகளின் வேலை.

2023 செப்டெம்பர் 23

‘எங்கள் ஊர்க் கப்பல் எதற்காவது கிட் இருக்கிறதா’ என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் புளூநோஸ் கட்டுகிற தமிழர் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விசயம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டிய இருபாய்மரக் கப்பல் அன்னபூரணி. ஏறத்தாழ 90 அடி. சின்னப் பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றிவந்த வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சுயெஸ் வழியாக ஓட்டிக்கொண்டுபோய், அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938 கோடையில் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டரில் சேர்த்தார்கள். அதே 1938 ஒக்டோபரில், அதே குளோஸ்டர், பொஸ்டன் கடலில்தான் புளூநோஸ் தன் கடைசிக் கோப்பைப் போட்டியை ஓடியது. எதிரி குளோஸ்டர்க் கப்பல் கெர்ட்ரூட் எல். தீபோ. ஐந்து ஓட்டத்தில் மூன்றை வென்று கோப்பையைத் தக்கவைத்தது புளூநோஸ்.

வேம்பும் நோவா ஸ்கோஷியாப் பைனும் ஒரே ஆண்டில் ஒரே கடலில். இரண்டும் சந்திப்பது சில மாத இடைவெளியில்தான் தவறியது. வடமராட்சியில் பிறந்த எனக்கு இது ரொறன்ரோ வந்து இந்தக் கிட்டைத் தொட்ட பிறகுதான் தெரியவந்தது. சின்ன வயதில் அன்னபூரணி பற்றிப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள், குளோஸ்டர் என்றால் எந்த மாதிரி ஊர், அங்கே யார் கப்பல் கட்டினார்கள், யாரோடு போட்டி போட்டார்கள் என்று எவரும் சொன்னதில்லை. ஓர் ஓடாவி கண் அளவில் கட்டிய கப்பல், உலகத்தின் மிகச் சிறந்த ஸ்கூனர் கட்டுகிறவர்களின் சொந்தத் துறைமுகத்துக்குப் போய் நின்றது. அவர்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன், கப்பல் கட்டுகிறவன் வேறெதைச் செய்வான்?

2023 செப்டெம்பர் 24

மேலே உள்ளதற்குத் தொடர்ச்சி. அன்னபூரணியைக் கிட் இல்லாமல் கட்ட முடியுமா என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். முடியும், ஆனால் உடம்பின் வெட்டுமுகங்களைக் காட்டும் கோட்டுப்படம் வேண்டும். படங்களிலிருந்து பக்கத்தோற்றம் எடுக்கலாம், தெரிந்த நீளத்தை வைத்து மிச்சத்தைக் கணிக்கலாம். அகலமும் அடிவயிற்றின் வளைவும் படத்தில் வராது. அதற்கு அந்தக் கரையில் கட்டிய மற்றக் கப்பல்களைப் பற்றி அறிந்தவர்கள் உதவ வேண்டும். வல்வெட்டித்துறைப் பக்கம் வீட்டில் பழைய படம், அளவுக் குறிப்பு, தச்சுக் கருவி எதையாவது வைத்திருப்பவர்கள் இங்கே எழுதுங்கள். நான் வரைந்து தருகிறேன். இது வாக்கு.

2023 ஒக்டோபர் 29

கண்ணாடிப் பெட்டி செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஓக் மரத்தாலோ எம்.டி.எஃப் பலகையாலோ செய்து காற்றுப் போகாமல் மூடாதீர்கள். அந்த மரங்கள் மெதுவாக அமில ஆவி விடும், ஈயம் கலந்த வார்ப்புகள் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும். பழைய கிட்களில் ஈயம் அதிகம். அக்றிலிக் பெட்டி, அடியில் நாலு காற்றுத் துளை, துளைக்கு மெல்லிய வலை.

2023 நவம்பர் 12

கேள்வி கேட்ட தம்பி டோரியை முடித்துவிட்டுப் புளூநோஸ் தொடங்கிப் படம் போட்டிருக்கிறார், பார்த்தேன். டோரி அருமை, பலகையின் சரிவு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறது. புளூநோஸில் வலப்பக்கம் ஐந்து வரிசை போட்டிருக்கிறீர்கள், இடப்பக்கம் ஒன்றுமில்லை. நிறுத்துங்கள். இடப்பக்கத்தையும் அதே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு மேலே போங்கள், ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் நடுப்பலகை முறுக்கும்.

இன்னொன்று, அணியத்திலிருந்து மூன்றாவது தட்டில் ஐந்தாவது கீற்றின் மேல்விளிம்பு எழுந்து நிற்கிறது. தேய்த்துச் சரிசெய்யலாம் என்று விடாதீர்கள், அங்கே தேய்த்தால் கீற்றின் தடிப்பில் பாதி போய்விடும். மருந்துக் கடையில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் வாங்கி, தூரிகையால் அந்த இணைப்பில் தடவி, சற்றுப் பொறுத்து மறுபடி தடவுங்கள். மரப்பசை இளகிவிடும். மெல்லிய கத்தியை நுழைத்துக் கீற்றை எடுத்து, காயவிட்டு, புதிய கீற்றில் அளவெடுங்கள். பழையதை வைத்துக்கொள்ளுங்கள், எங்கே எவ்வளவு கூடிப்போனது என்று புதியதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும். அந்தத் தட்டில் அகலம் என்ன வருகிறது என்று அளந்து எழுதுங்கள், 2 மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் ஆறாவது வரிசையில் ஒன்றை நிறுத்திவிடலாம்.